ஏழு நிமிடம்

ஒரு சொல்லுக்கு நாற்பது சென்ட் என்றாள்
வாரப் பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
பெயருக்கும் காசா என்று கேட்டேன்.
பெயருக்கும்தான்.
ஒனுஃப்ரி கோஸ்டிஷின்: எண்பது சென்ட்.
தாத்தா இருந்திருந்தால்
ஊருக்கே ஒரே ஒரு ஒனுஃப்ரிதானே,
பின்பெயர் எதற்கு என்று
பாதியை மிச்சம் பிடித்திருப்பார்.

டெல்வினில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயம்,
சஸ்காட்சுவான் சமவெளியை
ஆட்சி நாடா வைத்துக் கிழித்ததுபோல் ஒரு தண்டவாளம்.
அதில் கிழக்கே பதினோரு மைல் என்னுடையது என்பார்.
கம்பெனி அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் கொடியில் தொங்கும் அவர் கால்சட்டை
விறைத்து, எடுத்து வைத்தால் தனியாக நிற்கும்.
நாங்கள் அதற்கு வணக்கம் சொல்வோம்.
அது பதில் சொல்லாதது
எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

வலது கையில் இரண்டு விரல் இல்லை.
எட்டு என்று காட்ட
இரண்டு கையையும் விரித்தால் போதும் அவருக்கு.
ரயிலில் பயணியாகப் போனது இரண்டே முறை,
இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.
ஜன்னலோரம் உட்கார மறுத்துவிட்டாராம்:
பார்த்ததைத்தானே பார்க்கணும்.

கொஞ்சத் தெரியாது.
என் ஆறாவது பிறந்தநாளுக்கு
தண்டவாள ஆணி ஒன்றைத் துரு சுரண்டி,
செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.
நான் பொம்மை கேட்டிருந்தேன்.
அழுதேன்.
ஆணியைத் திரும்ப வாங்கி, இன்னும் கொஞ்சம் சுரண்டி,
மறுபடி சுற்றிக் கொடுத்தார்.

இதையெல்லாம் எண்ணி எண்ணி
அறுபத்திரண்டு சொல்லில் அடைத்து வைத்திருந்தோம்.
அப்புறம்தான் ஸெனோன் மாமா
பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

1961 பிப்ரவரி, கம்பெனிக் கடிதம்:
ஒன்பதாம் தேதி இரவு
சிவப்பு விளக்கைக் காட்டித் தானிய வண்டியை
ஏழு நிமிடம் நிறுத்தியதற்கு விளக்கம் தேவை.
அதோடு குத்தியிருந்த கார்பன் தாளில்
அவர் பதில்:
பனி.
இரண்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள்.

தினமும் ஒரு வரி எழுதும் நோட்டு அவருக்கு உண்டு.
அதே தேதியைத் தேடி எடுத்தோம்.
வானம் தெளிவு. காற்று இல்லை.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஏழாவது மைலில் ஒரு போல்ட்.

தூங்கிவிட்டிருப்பார் என்றார் மாமா.
தூங்கினால் விளக்கை யார் காட்டினது?
குடித்திருப்பார் என்றாள் ஸ்டெஃபா சித்தி.
மாடு குறுக்கே வந்திருக்கும்.
மாட்டை மாடு என்றே எழுதியிருப்பாரே.
அம்மா மட்டும், தட்டைத் துடைத்துக்கொண்டே,
ஏழாவது மைலில்தானே
மாக்ஸிமிக் பண்ணைக்குப் பாதை பிரியும் என்றாள்.
யாரும் வாய் திறக்கவில்லை.
கேட்காமலே எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள் சித்தி.

நான் அந்தக் கார்பன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொய் சொல்லும்போதும்
ஒரு சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதர்.
நாற்பது சென்ட் பொய்.

பத்திரிகைப் பெண் பென்சிலால் தட்டித் தட்டி எண்ணினாள்.
வேறு ஏதாவது?
1961இல் ஒரு ரயிலை ஏழு நிமிடம் நிறுத்தினார்
என்று சேர்க்கச் சொன்னேன்.
ஏன் என்று போடவில்லையா?
பனி என்றேன், நானும்.
நல்ல மனுஷி, அதையும் எழுதப் போனாள்.
வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

திரும்பும் வழியில் லெவல் கிராசிங் மூடியிருந்தது.
நூற்றுப் பதினான்கு பெட்டி எண்ணினேன்,
நடுவில் ஒருமுறை தவறியிருக்கலாம்.
கம்பு உயர்ந்தது.
நான் என்ஜினை அணைத்துவிட்டு
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
ஏழு நிமிடம் எவ்வளவு நேரம் என்று பார்க்க.

மூன்றாவது நிமிடமே ஹார்ன் அடித்துவிட்டான்
பின்னால் நின்ற லாரிக்காரன்.